நீர் வடியும் வழி

பெங்களூரு மாநகரில் அல்சூர் ஏரிக்கு அருகில் அமைந்துள்ளது ஜோகுபாளையம். தமிழ் பேசும் மக்கள் பலர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி இது. இங்குள்ள குறுகிய தெருக்களில் பழைய வீடுகள் இருந்த இடங்களில் மாடி வீடுகள் எழும்பி வருகின்றன. அத்தகைய புது வீடு ஒன்றில் ஒரு குடும்பம் குடியேறுகிறது எனக் கொள்ளலாம். சுவர்களில் வண்ணம் மின்னுகிறது. தரையில் ஓடுகள் பளபளக்கின்றன. ஆயினும், குளியலறையில் ஷவரைத் திறந்த சில நிமிடங்களில் நீர் பாதங்களைச் சூழ்ந்து நிற்கிறது. புதிய வீட்டில் அடைப்பு ஏற்படுமா என்று அனைவரும் வியக்கின்றனர்.

காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்படுகிறது. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளதால், அந்நீரை இயந்திரங்களே மேலேற்றுகின்றன. ஆனால், குளித்த நீர் வீட்டைவிட்டு வெளியேற எந்த இயந்திரமும் இல்லை. புவியீர்ப்பு விசை ஒன்றே அதனை இழுத்துச் செல்கிறது. எனவே, நீர் செல்லும் வழி சரிவாகவும் தடையற்றும் இருத்தல் வேண்டும்.

நீர் தேங்குவதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஷவரிலிருந்து நிமிடத்திற்கு 10 லிட்டர் நீர் விழுகிறது. வடிகுழாயோ நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை மட்டுமே ஏற்கிறது எனக் கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் 4 லிட்டர் மிஞ்சும். பத்து நிமிடங்களில் 40 லிட்டர் சேரும். குளிக்கும் இடத்தின் பரப்பு 2 சதுர மீட்டராயின், நீர் 2 செ.மீ. உயரத்திற்கு நிற்கும். வடிகுழாய் முழுவதும் அடைபட வேண்டியதில்லை. சிறிது சுருங்கினாலே போதும்.

புது வீட்டில் இக்குறை தோன்றுவதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, கட்டுமானக் கழிவு. ஓடு பதிக்கும்போது சிந்தும் சிமெண்டுக் கலவையும், இடைவெளிகளை நிரப்பும் வெள்ளைச் சிமெண்டும், மணலும் திறந்திருக்கும் வடிகுழாய்க்குள் விழுகின்றன. சிமெண்டு நீரில் கரைந்து போவதில்லை. நீருடன் சேர்ந்து இறுகுகிறது. பின்னர் முடியும் சோப்புப் படிவும் அதன் சொரசொரப்பான பரப்பில் சிக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, தரையின் சரிவு. இதனைக் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பர். இரண்டு மீட்டர் நீளமுள்ள தரை, வடிகால் வாயை நோக்கி ஏறத்தாழ 2 முதல் 4 செ.மீ. வரை தாழ்ந்திருக்க வேண்டும். வாட்டம் குறைந்தால், குழாய் தூய்மையாக இருப்பினும் நீர் மூலையில் தங்கிவிடும். மூன்றாவது, தரைக்கு அடியிலுள்ள குழாயின் அமைப்பு. குழாய் போதிய சரிவின்றி இருந்தாலும், காற்று வெளியேற வழியில்லாவிட்டாலும், நீர் 'களக் களக்' என்ற ஓசையுடன் தயங்கித் தயங்கி இறங்கும்.

காரணத்தை அறியாமல் மருந்தைத் தேடுதல் முறையன்று. முதலில் நீர் எங்கே நிற்கிறது என்று நோக்குதல் வேண்டும். வடிகால் வாய்க்கு அப்பால் குட்டையாக நின்றால், குறை வாட்டத்தில் உள்ளது. உலர்ந்த தரையில் கோலிக்குண்டு ஒன்றை வைத்தால், அது உருளும் திசை சரிவைக் காட்டிவிடும். ரசமட்டம் அதனை உறுதிப்படுத்தும். வடிகால் வாயின் மேலேயே நீர் நின்றால், சல்லடை மூடியைக் கழற்றி ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்கலாம். அப்போது நீர் விரைந்து இறங்கினால் அடைப்பு மூடியில் உள்ளது. இறங்காவிடில் உள்ளே உள்ளது. கைகழுவும் தொட்டியிலும் நீர் தேங்கினால், இரண்டிற்கும் பொதுவான குழாயில் தடை இருப்பதாகக் கருதலாம்.

சல்லடை மூடிக்குக் கீழே வளைந்த கிண்ணம் போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதனைப் பணியாளர்கள் 'டிராப்' என்பர். அதில் எப்போதும் சிறிதளவு நீர் தங்கியிருக்கும். அது குறையன்று, கழிவுக் குழாயிலிருந்து தீய வாயுவும் பூச்சிகளும் மேலேறாமல் தடுக்கும் காவல் அது. 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர், இத்தகைய வளைகுழாயைக் கழிப்பறைக்கு அமைத்துக் காப்புரிமை பெற்றார். 2003-ஆம் ஆண்டில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் தாக்கியது. குளியலறைத் தரைகளிலிருந்த டிராப்புகள் நீரின்றி உலர்ந்து போயிருந்தது, நோய் பரவிய வழிகளுள் ஒன்று என ஆய்வில் அறியப்பட்டது. ஆகவே, பயன்படுத்தாத குளியலறையின் வடிகால் வாயிலும் அவ்வப்போது ஒரு குவளை நீர் ஊற்றுதல் நலம்.

அடைப்பை நீக்கும் முறை எளியது. கையுறை அணிந்து, டிராப்பில் படிந்துள்ள முடி, மணல், சிமெண்டுத் துண்டு ஆகியவற்றை மேல்நோக்கி அள்ளி எடுக்க வேண்டும். குச்சியால் உள்ளே தள்ளினால் அடைப்பு ஆழத்திற்குச் செல்லும். பின்னர் ரப்பர்க் கிண்ணம் பொருத்திய உறிஞ்சியால் சிலமுறை அழுத்தி இழுத்து, வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம். கொதிநீர் பிளாஸ்டிக் குழாயை இளக்கக்கூடும். இறுகிய சிமெண்டு இதற்கு அசையாவிடில், குழாய்ப் பணியாளரை அழைத்தலே தக்கது. வாட்டம் குறையாக இருந்தால், ஓடுகளை எடுத்துத் தரையைச் சீரமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனைக் கட்டியவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும்.

அவசரத்தில் சிலர் அமிலத்தை ஊற்றுகின்றனர்; அது போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கின்றனர். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஒன்றை ஊற்றியபின் மற்றொன்றை ஊற்றுவதும் இதே தீங்கைத் தரும்.

அடைப்பு வீட்டிற்கு வெளியே பாதாளச் சாக்கடையில் இருப்பின், அது வீட்டார் கைவைக்கும் இடமன்று. குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியத்திற்குத் தெரிவித்து, இயந்திரத்தால் நீக்கச் செய்தல் வேண்டும். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக ஒருவரின் உயிரைப் பணயம் வைத்தல் அறமாகாது.

வருமுன் காத்தலே சிறந்தது. ஓடு பதிக்கும் முன் வடிகால் வாயைத் துணியாலும் பிளாஸ்டிக் மூடியாலும் அடைத்து வைக்க வேண்டும். சிமெண்டு வாளிகளைக் குளியலறையில் கழுவுதல் கூடாது. வீட்டைப் பெற்றுக்கொள்ளும் நாளில் சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், தரையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது வடிந்து முடியும்வரை நின்று பார்த்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. புது வீட்டின் குளியலறையில் நீர் தேங்குவதற்குரிய மூன்று காரணங்களை எழுதுக.
2. டிராப்பில் நீர் தங்கியிருப்பது குறையன்று. ஏன்?
3. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தலாகாது என்பதை விளக்குக.
4. உம் வீட்டுக் குளியலறையின் வாட்டத்தைக் கோலிக்குண்டு கொண்டு ஆராய்ந்து, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.