உங்களுக்குத் தெரியுமா? ரோமுக்கு ஒரு கொலை, சோழநாட்டுக்கு ஒரு கொலை

பண்டைய ரோமில் நடக்கும் துப்பறியும் நாவல்களில் புகழ்பெற்றது ஸ்டீவன் சேய்லரின் 'ரோமன் பிளட்' (1991). கி.மு. 80இல் ஒரு கொலை வழக்கில் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ ஆற்றிய வாதமே அதன் அடிப்படை. உண்மை ஆவணத்திலிருந்து மர்மக்கதை வளர்க்கும் இதே கலையைத் தமிழ் அதற்கு முன்பே கண்டுவிட்டது. கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைச் சுற்றியே இறுகுகிறது. அந்தக் கொலைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனப் பெயர் சொல்லி, அவர்களது உறவினரின் நிலங்கள் பறிமுதலானதைப் பதிவு செய்கிறது.

துப்பறிவாளரே இல்லாத கதை எப்படி மர்மக்கதையாகும் என்று கேட்கலாம். கல்வெட்டு குற்றவாளிகளைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. கல்கியும் கொன்றவர் யார் என்று அறுதியிடவில்லை. எனவே துப்பறியும் பொறுப்பு வாசகரிடமே வருகிறது. இப்படி மர்மம் வளர்க்க ஏற்ற சோழர் காலக் களம் நமக்கு அருகிலும் உண்டு. சோழர் படையெடுத்த கடாரம், இன்றைய கெடா, பினாங்கை ஒட்டியே இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் சான்றுகளும் அங்கேயே உள்ளன. பினாங்கின் ஆயர் ஈத்தாம் இளம் எழுத்தாளர்களே, கடாரத்தின் மர்மத்தை நீங்கள் எழுதுங்கள்!