பழைய அம்புக்கு வயது என்ன?

ஒரு பொருளின் வயதை எதை வைத்துச் சொல்வது? அமெரிக்காவில் பழைய மர வேட்டையம்புகளைச் சேகரிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது.

அம்பில் முதலில் கண்ணில் படுவது எஃகு முனை. ஃபிரெட் பேர் நிறுவனத்தின் 'ரேசர்ஹெட்' முனை 1956இல் விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டதும் அம்பும் 1956க்குப் பிந்தையது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் முனை, கூராகச் சீவிய தண்டின் நுனியில் அரக்கு போன்ற பசையை உருக்கி ஒட்டப்படுவது; சூடு காட்டினால் கழன்றுவிடும். வேட்டைக்காரர்கள் முனையை மாற்றினார்கள், கிழிந்த இறகையும் மாற்றினார்கள். முனை தன் வயதை மட்டுமே சொல்கிறது.

எளிதில் மாறாதவை தண்டும், இறகுக்குச் சற்று முன்னால் தீட்டிய வண்ண வளையங்களும்தான். வளையங்களின் நிறம், அகலம், வரிசை ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிடலாம். தேய்த்துப் பளபளப்பாக்குபவர் இந்தச் சான்றைத்தான் அழிக்கிறார். தண்டு பெரும்பாலும் ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கில் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர். (பெயரில்தான் சீடர், உண்மையில் சைப்ரஸ் குடும்பத்து மரம்.) பழைய தண்டை வில்லில் பூட்டி எய்யவே கூடாது, முறிந்தால் சிம்பு வில் பிடித்த கையில் ஏறும்.

ஆறாம் வகுப்பில் சான்றுகளைப் பற்றிப் பேசும்போது அம்பைத் தேட வேண்டாம். காம்பு மாற்றிய மண்வெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன் வயதைக் கேளுங்கள். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.