நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? பொறுப்பான வளர்ப்பாளரை அடையாளம் காண்பது எப்படி?

இணையத்தில் புகைப்படத்தைப் பார்த்து முன்பணம் செலுத்துவதும், விற்பவர் சொல்லும் சாலைச் சந்திப்பிலோ ரயில் நிலைய வாசலிலோ நாய்க்குட்டியைப் பெற்றுக்கொள்வதும் பெருநகரங்களில் வழக்கமாகி வருகிறது. அவ்வாறு வீட்டுக்கு வந்த குட்டி ஓரிரு நாள்களிலேயே உண்ண மறுத்து, வாந்தியும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குமாகத் துவண்டு விழும்போதுதான், அது எங்கே, எப்படி வளர்க்கப்பட்டது என்ற கேள்வி எழுகிறது.

இத்தகைய மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பார்வோ வைரஸ். தொற்று ஏற்பட்ட பின்னர் அறிகுறிகள் தென்படப் பொதுவாக 3 முதல் 7 நாள்கள் ஆகும். எனவே, வாங்கிய மறுநாளே குட்டி நோயுற்றால், விற்பவரின் இடத்திலேயே தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டம் கூறுவது என்ன?

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகளை மத்திய அரசு 2017-இல் வெளியிட்டது. இதன்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்வையாளர்கள் காணும் வகையில் வைத்திருக்க வேண்டும்.

பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதங்கள் நிறைவடைந்த பின்னரே இனப்பெருக்கம் செய்விக்கலாம். 8 வயதைக் கடந்த நாயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலோ, வாழ்நாளில் 5 முறைக்கு மேலோ ஈனச் செய்யக் கூடாது. குட்டிகளுக்கு 8 வாரங்கள் நிறைவடையும் முன்பு விற்பதற்கும், பொது இடங்களில் வைத்து விற்பதற்கும் தடை உள்ளது.

விளம்பரமே காட்டிக்கொடுக்கும்

விற்பனை விளம்பரங்களில் '45 நாள் குட்டி' என்ற வாசகத்தைப் பரவலாகக் காணலாம். 8 வாரங்கள் என்பது 56 நாள்கள். ஆக, அந்த வயதில் குட்டியை ஒப்படைக்க முன்வருபவர் விதியை மீறுகிறார் என்பது அவரது விளம்பரத்திலிருந்தே தெளிவாகிறது.

இது வெறும் நாள்கணக்கு அல்ல. கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளிட்ட பழக்கங்களைக் குட்டி, தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இந்த வாரங்களில்தான் கற்கிறது. சீக்கிரம் பிரிக்கப்படும் குட்டிகளிடம் பின்னாளில் அச்சமும் கடிக்கும் பழக்கமும் அதிகம் காணப்படுகின்றன. விற்பவர் சொல்லும் வயதில் ஐயம் எழுந்தால், பால் பற்களின் வளர்ச்சியை வைத்துக் கால்நடை மருத்துவர் ஓரளவு கணிக்க முடியும்.

தாயைக் காட்டச் சொல்லுங்கள்

பொறுப்பான வளர்ப்பாளர், குட்டிகள் வளரும் இடத்துக்கே வரச் சொல்வார்; தாய் நாயைக் காட்டுவார். தாய் மெலிந்து, ரோமம் உதிர்ந்து, மனிதர்களைக் கண்டு ஒடுங்கினால், அங்கு குட்டி வாங்காமல் திரும்புவதே நல்லது. 'தாய் வேறு ஊரில் இருக்கிறது' என்ற பதில், விற்பவர் இடைத்தரகர் என்பதன் அறிகுறியாக இருக்கலாம். எந்த நாளில் கேட்டாலும் பல இனக் குட்டிகள் தயாராக இருக்கின்றன என்பவரிடமும் எச்சரிக்கை தேவை.

பரம்பரை நோய்கள் குறித்தும் கேட்க வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடும், பக் இனத்தில் சுவாசக் கோளாறும் பரவலாக உள்ளன. பெற்றோர் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு நல்ல வளர்ப்பாளரிடம் பதில் இருக்கும்.

சான்றிதழ் மட்டும் போதுமா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் வழங்கும் சான்றிதழ் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை எனச் சந்தையில் பேரம் நடக்கிறது. அந்தச் சான்றிதழ் நாயின் வம்சாவளிக்கு ஆதாரமே தவிர, குட்டியின் உடல்நலத்துக்கோ தாய் நடத்தப்பட்ட விதத்துக்கோ உத்தரவாதம் அல்ல. மாநில வாரியப் பதிவுக்கும் அது மாற்றாகாது. மருத்துவரின் கையொப்பமும் தேதியும் உள்ள தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண், விற்பனை ரசீது ஆகியவற்றைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நல்ல வளர்ப்பாளர் வாங்குபவரிடமும் கேள்வி கேட்பார். வீட்டில் இடம் உள்ளதா, பகலில் யார் கவனிப்பார், கோடை வெப்பத்தை அந்த இனம் தாங்குமா என விசாரிப்பார். வளர்க்க இயலாவிட்டால் நாயைத் தன்னிடமே திருப்பித் தருமாறும் சொல்வார். பணத்தை மட்டும் கேட்பவர், விற்ற பிறகு அலைபேசியை எடுப்பார் என எதிர்பார்க்க இயலாது.

இரக்கத்தால் நேரும் பிழை

மோசமான இடத்தைக் கண்ட பின்னரும், 'இந்தக் குட்டியையாவது காப்பாற்றுவோம்' என்று வாங்குவோர் உண்டு. ஆனால் அந்தப் பணம், அதே தாயை மீண்டும் ஈன வைப்பதற்கான காரணமாகிவிடுகிறது. அத்தகைய இடங்கள் குறித்து மாநில விலங்குகள் நல வாரியத்திடமோ, மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திடமோ, காவல் நிலையத்திலோ புகார் அளிக்கலாம். விளம்பரத்தின் நகல், பணம் செலுத்திய விவரம், உரையாடல் பதிவுகள் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது விசாரணைக்கு உதவும்.