கிரே குடும்பத்தின் வம்ச வரலாறும் 1553-ஆம் ஆண்டின் அரியணைப் போராட்டமும்

முடிவில்லாத வம்ச வரலாறுகளில் கருத்தூன்ற வேண்டாமென்று பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதினார். எனினும், திருச்சபை வரலாற்றைக் கற்பிப்போர் செவ்வையாக அறிந்திருக்கவேண்டிய வம்ச வரலாறுகளும் சில உள. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் கிரே குடும்பத்தினுடையது. 1554 பிப்ரவரி 12-ஆம் நாள் தலை வெட்டுண்டு மாண்ட ஜேன் கிரே அம்மையாரைச் சீர்திருத்த விசுவாசத்திற்காக உயிர்நீத்த இரத்தசாட்சி என்பர் பலர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை அவருடைய குலவழியைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஜேனின் தந்தை ஹென்றி கிரே, டார்செட் பிரபு மரபினர். அம்மரபு, நான்காம் எட்வர்டின் அரசியான எலிசபெத் வுட்வில் தம் முதற்கணவர்க்குப் பெற்ற மைந்தன் வழியாக உயர்வடைந்தது. ஆயின், அவ்வழியில் அரச இரத்தம் இல்லை. அரியணை உரிமை தாய்வழியாகவே வந்தது. ஏழாம் ஹென்றியின் இளைய மகள் மேரி, சஃபக் கோமகனாகிய சார்லஸ் பிராண்டனை 1515-இல் மணந்தார். அவர்களுடைய மகள் பிரான்சிஸ். பிரான்சிஸின் மூத்த மகளே ஜேன். கேதரின், மேரி என்போர் அவருடைய தங்கையர்.

எட்டாம் ஹென்றி தம் மக்களாகிய எட்வர்ட், மேரி, எலிசபெத் ஆகியோர்க்கு முறையே பட்டம் சேருமென்று 1544-இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவினார். அவர்களுக்குப் பின் பிரான்சிஸின் மக்கட்கு அது சேருமென்று தம் விருப்ப ஆவணத்தில் எழுதினார். எனவே ஜேனின் இடம் எலிசபெத்துக்கும் பிற்பட்டதாகும்.

1553-இல் மரணத் தறுவாயிலிருந்த ஆறாம் எட்வர்ட், தம் தமக்கையர் இருவரையும் விலக்கி, ஜேனைத் தம் வாரிசாக்கினார். உரோமைச் சபையைச் சார்ந்த மேரி அரசியாகக் கூடாது என்பது ஒரு காரணம். ஆனால், அதே ஆண்டு மே மாதத்தில் ஜேன், ஆட்சிப் பொறுப்பை நடத்திவந்த நார்தம்பர்லாந்துக் கோமகனின் மகன் கில்ஃபர்டு டட்லிக்கு மணமுடிக்கப்பட்டிருந்தார் என்பதையும் மறத்தலாகாது. அன்றியும், பாராளுமன்றச் சட்டத்தைப் பதினைந்து வயது அரசரின் ஆவணம் மாற்ற இயலுமோ என்ற வினாவும் எழுந்தது. ஜூலை 10-ஆம் நாள் அரசியென்று அறிவிக்கப்பட்ட ஜேன், 19-ஆம் நாள் பதவியிழந்தார்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சீர்திருத்தத் தலைவர்கள் ஒருமனப்பட்டு ஜேனை ஆதரிக்கவில்லை. பேராயர் ரிட்லி மேரியின் உரிமையை மறுத்துப் பிரசங்கித்தார். பேராயர் ஹூப்பரோ சட்டப்படி உரிமையுடைய மேரியையே ஆதரித்தார். 1555-இல் மேரியின் ஆட்சியில் இருவரும் தீக்கிரையாயினர். ஆகவே, 1553-இன் போராட்டத்தை இரு சமயங்களின் போராகவே சித்திரிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது.

ஜேன் விசாரிக்கப்பட்டது இராஜத்துரோகத்திற்காகவேயன்றி வேதப்புரட்டுக்காக அன்று. தீர்ப்பு நிறைவேறாது நின்றது. வையட்டின் கலகத்தில் தந்தை சேர்ந்ததே மகளின் முடிவை விரைவுபடுத்திற்று. அதேவேளையில், அவருடைய விசுவாசம் மெய்யானது. சூரிக் நகரப் புல்லிங்கருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் அவர். மரணத்திற்கு முன் உரோமைச் சபைக்குத் திருப்ப வந்த ஃபெக்கன்ஹாமிடம் தம் விசுவாசத்தை விட்டுக்கொடாது வாதிட்டார்.

தங்கையரையும் அக்குலவழியே வருத்திற்று. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த எலிசபெத்தின் ஆட்சியிலும், அரசியின் இசைவின்றி மணம்புரிந்த குற்றத்திற்காக இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். கேதரின் 1568-இல் காவலிலேயே இறந்தார். முடிவில், 1603-இல் அரியணை ஏறியவர், ஹென்றியின் விருப்ப ஆவணம் புறக்கணித்த ஸ்காட்லாந்து வழியினரான ஜேம்ஸ்.

இரத்த உறவு அவரைச் சாவுக்குரியவராக்கிற்று. விசுவாசம் அச்சாவைச் சந்திக்கும் துணிவை அளித்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுவதே அவருடைய நினைவுக்கு நாம் செய்யும் நீதியாகும்.