பரணில் சிக்கிய துப்பாக்கி! கோர்ட்டுக்கு போன அண்ணன்-தம்பி ஒரே பாயில் உட்கார்ந்தனர்

சென்னை புளியந்தோப்பில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பரணில் இருந்து துப்பாக்கி எடுக்கப்பட்டது. பயப்பட வேண்டாம். டி.வி.யில் வாத்து சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கி!

அந்த வீடு யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் வழக்கு நடத்தி வருகிறார்கள். 3 வருடமாக முகம் கொடுத்து பேசியது கிடையாது. வீட்டு சாமான்களை பட்டியல் போட இருவரும் வந்த அன்றுதான் அந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே பழைய வீடியோ கேம் பெட்டி, ஒரு மஞ்சள் கேசட், ஜாய்ஸ்டிக், துப்பாக்கி.

சீட்டு பணத்தில் வந்தது

இவர்களின் தந்தை பின்னி மில் தொழிலாளி. இப்போது உயிருடன் இல்லை. 1994-ம் ஆண்டு தீபாவளிக்கு முன்னால் சீட்டு எடுத்த பணத்துடன் துணி வாங்க போனவர், பர்மா பஜார் பக்கம் ஒதுங்கி இதை வாங்கி வந்து விட்டார். "புள்ளைங்களுக்கு துணி எங்கய்யா?" என்று தாயார் போட்ட சத்தத்தில் தெருவே கூடி விட்டதாம்.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்று ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதை பார்த்து செய்த காப்பிகள்தான் அந்த நாளில் நம் ஊர் கடைகளில் குவிந்தன. கேசட் மேல் 9 ஆயிரத்து சொச்சம் கேம் என்று போட்டிருப்பான். உள்ளே பார்த்தால் ஒரே கேம் நூறு பெயரில் வரும். கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதி சொருக வேண்டும். அடாப்டர் தோசைக்கல் மாதிரி சுடும்.

சத்தம் போட்ட தாயார்தான் ஒரே வாரத்தில் அந்த வீட்டின் சிறந்த துப்பாக்கி வீரர் ஆனார்! சாதம் வடித்து விட்டு வந்து உட்காருவார். 10 வாத்துக்கு 9 விழும். பெரியவன் சுட்டால் மட்டும் வாத்து தப்பி விடும். புல்லுக்குள் இருந்து நாய் எழுந்து சிரிக்கும். அந்த நாயை சுடவும் முடியாது. பையன் அழுது விடுவான்.

1996-ல் மில் மூடப்பட்டது. டி.வி. விற்கப்பட்டது. வீடியோ கேமை மட்டும் தந்தை விற்க மறுத்து பரணில் போட்டு விட்டார்.

புது டி.வி.யில் சுடவில்லை

பெட்டியை அண்ணன் ரிச்சி தெருவுக்கு எடுத்து போய் பழுது பார்த்தார். படம் வந்தது. ஆனால் ஒரு வாத்து கூட விழவில்லை. அப்போது மெக்கானிக் கூறியதாவது:-

"துப்பாக்கியில குண்டு ஏதுங்க? விசையை அமுக்கினா திரை ஒரு கணம் கறுப்பாகும். வாத்து இருக்குற இடத்துல வெள்ளை கட்டம் வரும். துப்பாக்கி மூக்குல இருக்குற கண்ணு அந்த வெளிச்சத்தை பார்த்தா வாத்து செத்துச்சுன்னு அர்த்தம். இது பிக்சர் டியூப் டி.வி.க்காக செஞ்சது. எல்.இ.டி. டி.வி.யில படம் ஒரு இமை லேட்டா வரும். துப்பாக்கிக்கு ஒண்ணும் தெரியாது."

டியூப் டி.வி.க்கு எங்கே போவது? பழைய இரும்பு கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அத்தை வீட்டில் ஒன்று இருப்பதாக தகவல் சொன்னது தம்பி! தமிழக அரசு 2006-ம் ஆண்டு முதல் இலவசமாக கொடுத்த கலர் டி.வி.களில் ஒன்று. அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

உண்மை அம்பலம்

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் பாய் விரிக்கப்பட்டது. தாயார் நடுவில். மகன்கள் ஆளுக்கு ஒரு பக்கம். அண்ணன் சுட்டார். வாத்து சட்டென்று திரும்பி மேலே பறந்தது. மறுபடி சுட்டார். மறுபடியும் தப்பியது. நாய் சிரித்தது.

திரும்பி பார்த்தால், தம்பியின் மடியில் துண்டு. துண்டுக்குள் ஜாய்ஸ்டிக்!

ஒரு வாத்து மட்டும் வரும் ஆட்டத்தில், அதை ஜாய்ஸ்டிக்கால் இழுத்துக்கொண்டு போக முடியும். பலருக்கு தெரியாத வித்தை. தம்பி அதை சின்ன வயதிலேயே கண்டுபிடித்து போர்வைக்குள் கை வைத்து விளையாடி இருக்கிறார். அண்ணன் அழுததெல்லாம் அதனால்தான்.

"டேய், இத்தனை வருஷமா ஏமாத்தினியாடா?" என்று அண்ணன் கத்தினார். 3 வருடத்தில் தம்பியிடம் நேராக பேசிய முதல் வார்த்தை இது.

"எனக்கு அப்பவே தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும்" என்றார் தாயார். துப்பாக்கியை வாங்கி சுட ஆரம்பித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு 10-க்கு 6.

வீட்டு வழக்கு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. சாமான் பட்டியலில் வீடியோ கேம் சேர்க்கப்படவில்லை. அது தாயாரிடம் இருக்கிறது.