மூணு சிலிண்டர்ல ஒண்ணு லீவு!

'மிஸ்ஸிங்' அடிக்கும் பழைய வண்டி... எஞ்சினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு துப்பறியும் படலம்

சிக்னல்ல வண்டி நிக்குது. ஆக்ஸிலரேட்டர்ல கால் இல்லை. ஆனா ஸ்டீயரிங் நடுங்குது, கியர் ராடு ஆடுது, டேஷ்போர்டு பிள்ளையார் பரதநாட்டியமே ஆடுறார். பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, ரெண்டு இருமல். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பிடுது. உங்க வீட்டுல பதினஞ்சு வயசைத் தாண்டின கார் இருந்தா, இந்த சீன் உங்களுக்குப் பழக்கமானதாத்தான் இருக்கும். ஷெட் பாஷையில இதுக்குப் பேர் 'மிஸ்ஸிங்'.

இந்தக் கம்ப்ளெயின்ட்டோட போனா, பெரும்பாலும் ரெண்டு பதில் கிடைக்கும். 'பிளக்கை மாத்துங்க' அல்லது 'எஞ்சினைப் பிரிச்சு போர் பண்ணணும்'. முதல் பதிலுக்குச் செலவு சில நூறு, ரெண்டாவதுக்குப் பல ஆயிரம். ரெண்டுக்கும் நடுவுல அரை நாள் சோதனை ஒண்ணு இருக்கு. அதைத்தான் பலரும் ஸ்கிப் பண்ணிடறாங்க.

என் கிளாஸ்மேட்டோட அப்பா அப்படி ஸ்கிப் பண்ண இருந்தவர். கார்புரேட்டர் வெச்ச பழைய மாருதி ஆம்னிதான் அவரோட கடை. விடியறதுக்கு முன்னாடி கோயம்பேட்டுல காய்கறி ஏத்தி, தெருத்தெருவா விப்பார். வண்டி ஒரு நாள் நின்னா, அன்னைக்கு வருமானம் இல்லை. காலையில நல்லா ஓடற வண்டி, சூடானதும் குலுங்க ஆரம்பிச்சது. ஒரு ஷெட்டுல பிளக், வயர் எல்லாம் மாத்தியும் சரியாகலை. 'போர் பண்ணணும், ஒரு வாரம் வண்டியை விடுங்க'ன்னாங்க. மகனோட செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணத்துலதான் கை வைக்கணும்ங்கிற நிலைமை. கடைசியா இன்னொரு கருத்து கேட்டுடலாம்னு வளசரவாக்கம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனாங்க. நோட்டும் பேனாவுமா நானும் ஒட்டிக்கிட்டேன்.

ஒரு நிமிஷத்துக்கு 450 வெடி

முதல்ல கொஞ்சம் தியரி, பயப்படாதீங்க. ஆம்னி எஞ்சின் 796 சி.சி., மூணு சிலிண்டர். ஃபோர் ஸ்ட்ரோக்ங்கிறதால, எஞ்சின் ரெண்டு சுத்து சுத்தினா ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கும். ஐடிலிங்ல சுமார் 900 ஆர்.பி.எம்.னு வெச்சுக்கிட்டா, ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 450 வெடி. மூணு பேருக்கும் சேர்த்து 1,350. இதுல ஒருத்தர் லீவு போட்டா, மூணுல ஒரு பங்கு சக்தி காலி. பல்லாங்குழி ரோட்டுல போற ஆட்டோ மாதிரி எஞ்சின் குலுங்கறது இதனாலதான்.

வெடிக்கிறதுக்குத் தேவை மூணே மூணு. சரியான நேரத்துல ஸ்பார்க், சரியான அளவுல பெட்ரோலும் காத்தும், நல்ல கம்ப்ரெஷன். குற்றவாளி இந்த மூணு வீட்டுலதான் ஒளிஞ்சிருப்பார்.

யார் அந்த லீவு பார்ட்டி?

அண்ணன் ஸ்பேனரைத் தொடலை. முதல்ல சைலன்சர் பக்கம் குனிஞ்சு காது கொடுத்தார். சத்தம் ஒரே தாளத்துல விட்டுவிட்டு வந்தா, ஒரே சிலிண்டர்ல பிரச்னை. தாளமே இல்லாம தாறுமாறா வந்தா, கார்புரேட்டர், காத்து லீக் மாதிரி எல்லா சிலிண்டருக்கும் பொதுவான கோளாறு. இங்கே தாளம் கச்சிதமா இருந்தது.

ஆம்னில எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கும். சீட்டைத் தூக்கினார். எஞ்சினை ஆஃப் பண்ணி, ஒரு பிளக் வயரைக் கழட்டி, அதுல வேற பிளக்கை மாட்டி எஞ்சின் உலோகத்துல படற மாதிரி வெச்சு, ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் இன்னும் மோசமா தள்ளாடுச்சு. அப்படின்னா, அந்த சிலிண்டர் ஒழுங்கா வேலை பார்த்துக்கிட்டிருந்தது. ரெண்டாவதும் அப்படியே. மூணாவதைக் கழட்டினப்போ எஞ்சின்ல ஒரு மாற்றமும் இல்லை. மாட்டிக்கிச்சு லீவு பார்ட்டி!

(ஓடற எஞ்சின்ல வெறுங்கையால வயரைப் பிடுங்கற ஹீரோயிசம் வேண்டாம் பாஸ். அதுல ஓடறது பல ஆயிரம் வோல்ட்!)

பிளக் பேசும்

மூணு பிளக்கையும் வரிசையா துணியில வெச்சார். முனை இளம்பழுப்பா இருந்தா நல்ல ஆரோக்கியம். கரி பிடிச்ச கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது. எண்ணெய்ப் பிசுக்குன்னா எஞ்சின் ஆயில் உள்ளே வருது. வெள்ளையா வெளுத்திருந்தா சூடு அதிகம். பெட்ரோல் நனைஞ்சிருந்தா அங்கே வெடியே நடக்கலை.

மூணாவது பிளக் ஈரமா இருந்தது. அதை ஒண்ணாவது சிலிண்டருக்கு மாத்தினார். கோளாறும் கூடவே போனா, பிளக் குற்றவாளி. போகலை. அடுத்து வயரை மாத்தினார். அப்பவும் போகலை. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் தம்பி. நாலைஞ்சை ஒண்ணா மாத்திட்டா, எது சரிபண்ணுச்சுன்னு கடவுளுக்கும் தெரியாது" என்றார். எங்க லேப்ல இதுக்கு 'கன்ட்ரோல் வேரியபிள்'னு பேர்!

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. உள்ளே பென்சில் கோடு மாதிரி கரிக்கோடோ, விரிசலோ இருந்தா ஸ்பார்க் குறுக்கு வழியில ஓடிடும். மழை நாள்ல மட்டும் மிஸ் ஆகற வண்டிகள்ல முதல் சந்தேகம் இதும்மேலதான். ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்து பார்த்தா, வயர்ல ஸ்பார்க் லீக் ஆகறது நீல நிறத்துல தெரியும். இங்கே மூடி க்ளீன்.

ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்தார். வெடிச்ச ஹோஸ் வழியா திருட்டுக் காத்து உள்ளே போனா ஐடிலிங் கெடும், வேகத்துல சரியாகிடும். அமுக்கினதும் எஞ்சின் நிதானமானா அந்த ஹோஸ்தான் வில்லன். அதுவும் இல்லை.

ஒரு ஸ்பூன் ஆயில்

மிச்சம் கம்ப்ரெஷன். பிளக் எல்லாத்தையும் கழட்டி, இக்னிஷனைத் துண்டிச்சு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு, செல்ஃப் அடிச்சு கேஜ்ல பார்க்கணும். முதல் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூணாவது ரொம்பக் கம்மி. கிளாஸ்மேட்டோட அப்பா முகம் விழுந்துடுச்சு. 'அப்போ போர்தானா?'

அண்ணன் அசரலை. மூணாவது சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊத்தி மறுபடி அளந்தார். பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தா, ஆயில் அந்த இடைவெளியை அடைச்சு அளவு ஏறும். ஏறலைன்னா லீக் மேல, வால்வு பக்கம். அல்லது ஹெட் கேஸ்கெட். முள் அசையவே இல்லை. போர் கேஸ் தள்ளுபடி!

பக்கத்து சிலிண்டர்ல அளவு குறையலை, ரேடியேட்டர்ல தண்ணியும் குறையலை. அதனால கேஸ்கெட் மேல சந்தேகம் கம்மி. மேல் மூடியைக் கழட்டி ஃபீலர் கேஜை விட்டார். மூணாவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வுல இடைவெளியே இல்லை. டாப்பெட் டைட்! சூடானதும் வால்வுத் தண்டு நீளும். நீள இடம் இல்லைன்னா, வால்வு முழுசா மூடாது, கம்ப்ரெஷன் கசியும். காலையில நல்லா ஓடி, சூடானதும் குலுங்கின மர்மம் இதுதான். வேகமா ஓடும்போது கசியறதுக்கு நேரம் கம்மி, அதனால குலுக்கலும் கம்மி.

ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். இடைவெளியைச் சரிபண்ணி மறுபடி அளந்தப்போ, மூணாவதும் மத்த ரெண்டு பக்கத்துல வந்துடுச்சு. மறுநாள் வண்டி கோயம்பேடு போச்சு. செமஸ்டர் ஃபீஸ் பத்திரம். ஆனா, கவனிக்காம இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா, மூடாத வால்வு வழியா நெருப்பு பாய்ஞ்சு வால்வே கருகியிருக்கும். அப்போ நிஜமாவே ஹெட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியா?

விசாரணை முறை அதேதான், சந்தேக லிஸ்ட் கொஞ்சம் மாறும். த்ராட்டில் பாடியில கரி, ஐடிலிங் வால்வு, அடைச்ச இன்ஜெக்டர் இதெல்லாம் சேர்ந்துக்கும். இதுல பிளக் வயரைக் கழட்டாதீங்க, இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டிச் சோதிக்கச் சொல்லுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போனா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகி வீணாயிடும். 'செக் எஞ்சின்' லைட் விட்டுவிட்டு மின்னினா, ஓரம் கட்டிடுங்க. ஸ்கேனர் மாட்டற வசதி இருந்தா 'பி0301' மாதிரி கோட் வரும். கடைசி எண்தான் லீவு போட்ட சிலிண்டர். ஆனா ஏன் லீவுன்னு ஸ்கேனர் சொல்லாது. அதுக்கு மேல சொன்ன ரூட்தான்.

ஷெட்டுக்குப் போறப்போ இதைக் கேளுங்க:

* எந்த சிலிண்டர் வேலை செய்யலை?
* கம்ப்ரெஷன் எவ்வளவு, மூணுக்கும் தனித்தனியா?
* ஆயில் ஊத்திப் பார்த்தீங்களா?

இந்த மூணுக்கும் பதில் வர்ற வரைக்கும், 'பிரிச்சிடலாம்'ங்கிற வார்த்தைக்குத் தலையாட்டாதீங்க மக்கா!