நீலத் திரைக்குப் பின்னால் ஒரு கணக்குப் பிழை

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன. வைரஸ் என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் காவலுக்கு வைத்த ஆளே காரணம். பில் போடக் கம்ப்யூட்டரை நம்பியிருக்கும் நம் வணிகர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கம்ப்யூட்டருக்குள் 'கெர்னல்' என்று ஒரு பகுதி உண்டு. கல்லாச் சாவியும் கிடங்குச் சாவியும் அதனிடம்தான். பில் புரோகிராம் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் தவறு நடந்தால், உள்ளிருக்கும் கணக்குகள் கெடாமலிருக்க இயந்திரம் முழுவதும் நின்றுவிடும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு புரோகிராமின் ஒரு பகுதி அங்கேதான் ஓடியது.

நிற்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் தன் நிலையை 'டம்ப்' என்ற பைலாக எழுதி வைக்கும். அதைத் திறந்தவர்களுக்கு, எந்த புரோகிராம் என்பது உடனே தெரிந்துவிட்டது. ஏன் என்பதில்தான் குழப்பம். அன்று வந்த 291 என்ற எண்ணுள்ள பைலில் வெறும் பூஜ்யங்களைக் கண்ட சிலர், அதுவே காரணம் என்றார்கள். நிறுவனம் அதை மறுத்தது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி முழு விவரத்தையும் வெளியிட்டது.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் சேர்த்த ஒரு படிவத்தில் 21 கட்டங்கள். விவரம் கொடுக்கும் பகுதியோ 20 மட்டுமே கொடுத்தது. நம் வழக்கத்தில் சொன்னால், சிட்டையில் 21 அயிட்டம், லாரியில் வந்தது 20. கடைசி வரிக்கு நேரே 'எதுவானாலும் சரி' என்று எழுதியிருந்தால் கணக்குப்பிள்ளை அந்த மூட்டையைத் தேடமாட்டார். ஐந்து மாதம் அப்படித்தான் ஓடியது. ஜூலை 19 அன்று அந்த வரியில் முதல்முறையாக 'துவரம் பருப்பு' என்று எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போனார், அங்கே மூட்டை இல்லை. இல்லாத இடத்தில் கைவைத்ததும் கெர்னல் நின்றது. முன்கூட்டிச் சரிபார்க்கும் புரோகிராமும் சிட்டையைத்தான் பார்த்தது, லாரியைப் பார்க்கவில்லை! கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பும் வழக்கமும் அந்த பைலுக்கு இல்லை.

நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பியதை 10.57-க்கே திருத்திவிட்டார்கள். ஆனால் நின்றுபோன பல இயந்திரங்கள் திரும்பத் திரும்ப நின்றன. ஆள் நேரில் போய், 'சேப் மோட்'-டில் திறந்து, அந்த பைலை அழிக்க வேண்டியதாயிற்று.

நம் கடையில் நீலத் திரை வந்தால் அதில் தெரியும் எழுத்துகளைப் படம் எடுத்து வையுங்கள். அதற்கு முன் புதிதாக என்ன ஏற்றினீர்கள், எந்த பிரிண்டரை மாட்டினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பையன் வந்ததும் பெரும்பாலும் 'பார்மட் போட்டுவிடலாம்' என்பான். விண்டோஸ் போல்டருக்குள் 'மினிடம்ப்' என்று இருக்கிறதா பார்த்து, அதையும் ஸ்டாக் கணக்கையும் காப்பி எடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். பார்மட் போட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.